வெள்ளை உடுத்திய அரை மணி நேரம்

அந்த வீட்டில் பதினாறு வருஷமாக வெள்ளை என்று ஒரு துணி கிடையாது. படுக்கை விரிப்பு கறுப்பு, தலையணை உறை கருஞ்சிவப்பு, துண்டு பாசி நிறம். பிள்ளைகளைக் கைக்குழந்தைப் பருவத்தில் சுற்றி வைத்த துணிகூட காப்பிப்பொடி நிறம்தான். வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் சாயத் தொட்டியில் இறங்கித் துணி முக்கும் தொட்டிக்காரர். எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் தோலுக்குள் இறங்கிய சாயம் முழுசாகப் போகாது. வெயில் காலம் வந்தால் வியர்வையோடு கிளம்பி வெளியே வரும். பட்டறையில் சிவப்பு ஓடும் மாதம் அவர் படுத்தெழுந்த இடம் சிவந்திருக்கும். நீலம் ஓடினால் நீலம். அவர் நெஞ்சில் படுத்துத் தூங்கிய சின்னவளின் கன்னம் ஒரு நாள் நீலம் பாரித்துக் கிடக்க, யாரோ பிள்ளையை அடித்துவிட்டார்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சரே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அவருக்குச் சிறுநீரில் இரத்தம் போனது. அதுவும் சாயம்தான் என்று சொல்லி ஒரு மாதம் ஓட்டினார். அப்புறம் நீர்ப்பையைத் திறந்து கட்டியை வெட்டி எடுத்தார்கள். டாக்டர் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. "இனிமே தொட்டிப் பக்கம் போகக் கூடாது. போனா திரும்ப வரும். அடுத்த தடவை வெட்டறதுக்கு உள்ள ஒண்ணும் மிஞ்சாது. தண்ணி நிறைய குடிக்கச் சொல்லும்மா" என்று வீட்டுக்காரியிடம் சொன்னார். அவள் மறுநாளே பட்டறைக்குப் போய், மேஸ்திரியின் மேஜை முன்னால் நகராமல் நின்றாள். பாட்டில் கழுவும் ஷெட்டில் பத்து மணி நேரம் நின்று பழகிய காலுக்கு அதெல்லாம் ஒரு நிற்பே இல்லை. கடைசியில் மேஸ்திரி அலுத்துப்போய், காய்ந்த துணி மடிக்கிற பிரிவுக்கு அவரை மாற்றிக் கொடுத்தார்.

மூன்று மாதமாயிற்று. உயிரோடு இருக்கிறார், சாப்பிடுகிறார், சிரிக்கிறார். நாலு பேரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம் பிடித்துக்கொண்டது அதனால்தான். எடுத்தால் வெள்ளையில் எடுக்க வேண்டும்.

"எங்கண்ணனுக்கு வெள்ளையா?" என்று பக்கத்து வரிசையில் குடியிருக்கும் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அரை மணி நேரம் கழிச்சுப் பாருங்க அண்ணி, அது சட்டையா இருக்காது. தேசப்படமா இருக்கும்."

"அதெல்லாம் பழைய கதை. இப்ப மடிக்கிற இடத்துல உக்காந்த வேலை. தெரியுமா, அவர் துணியை அவரே துவைச்சுப் போடறார்."

"எங்கண்ணனா? தண்ணி மோந்து குடிக்கவே ஆள் கூப்பிடும்!"

"உடம்புக்கு வந்து பிழைச்சா மனுஷனுக்குப் புத்தி வராதா? உன் வீட்டுக்காரருக்கும் ஒரு காய்ச்சல் வரட்டும், பாரு."

"வந்தா நான்தானே கிடந்து சாகணும்" என்றாள் நாத்தனார். ஆனாலும் சின்னவளுக்கு வெள்ளைக் கவுன் தைத்துக் கொடுத்தது அவள்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் கட்டிலில் நாலு பேர் உடுப்பையும் வரிசையாகப் பரப்பினாள். தனக்கு வெண்ணெய் நிறத்தில் ஒரு பருத்தி உடுப்பு, பெரியவளுக்கு வெள்ளையில் பூப்போட்ட சட்டை, சின்னவளுக்குக் கவுன், அவருக்கு முழு வெள்ளைச் சட்டை. ஸ்டூடியோக்காரரும் அதைத்தான் சொல்லியிருந்தார்: இந்த வெயிலுக்கு வெளிர் நிறம் போடுங்கள், கறுப்பு போட்டால் முகம் கருகினாற்போல விழும்.

அவர் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"எனக்கு அந்தக் கறுப்புச் சட்டையே போதும்மா."

"வெந்துடுவீங்க."

"வெந்து பழகின உடம்புதானே."

"அப்பா, நாங்க மூணு பேரும் வெள்ளை, நீங்க மட்டும் கறுப்புன்னா, நாங்க சேர்ந்து திருடனைப் பிடிச்சுட்டு வந்த மாதிரி இருக்கும்" என்றாள் பெரியவள்.

சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு, "மழை விழட்டுமே. அப்புறம் எடுத்தா என்ன? இந்த அனல்ல எதுக்கு?" என்றார்.

"மழைக்கு இன்னும் மூணு மாசம் கிடக்கு. அதுவரைக்கும் என்ன நடக்குமோ யார் கண்டா?" என்று சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் சட்டையை மறுபடி இரண்டு விரலால் தூக்கி ஆணியில் மாட்டினார். கூச்சம் என்று நினைத்தாள். பதினாறு வருஷம் கறுப்பு உடுத்தினவனுக்கு வெள்ளை கூசத்தானே செய்யும்.

ஸ்டூடியோவில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் நேரம் கிடைத்தது. காலையிலிருந்து அவர் மூன்று தடவை குளித்தார். மூன்றாம் தடவை வெளியே வந்தபோது கழுத்துத் தோல் தேய்த்துத் தேய்த்துத் தடித்திருந்தது. ஒரு டப்பா பவுடரை நெஞ்சு, முதுகு, அக்குள் என்று கொட்டி அப்பிக்கொண்டார்.

"அப்பா, எண்ணெயில போடப் போறாங்களா உங்களை?" என்றாள் பெரியவள்.

சாப்பிட்டார், தண்ணீர் குடிக்கவில்லை. அவள் டம்ளரை நீட்டினாள். "அப்புறம்" என்றார். கிளம்பும்போது மறுபடி நீட்டினாள். "குடிச்சா வழியில இறங்கத் தோணும்" என்றார். டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினாள். "ஒரு வேளை குடிக்கலேன்னா செத்தா போயிடுவேன்?" என்று சிரித்தபடி செருப்பை மாட்டினார்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. தகரக் கூரை அடுப்பாகக் காய்ந்தது. எல்லாரும் மேலே கம்பியைப் பிடித்துத் தொங்க, அவர் மட்டும் இரண்டு கையையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றார். ஓட்டுநர் பிரேக் போடும்போதெல்லாம் தள்ளாடி யார் மேலாவது விழுந்தார்.

"கம்பியைப் பிடிங்களேன்" என்றாள்.

"இருக்கட்டும்."

"கை வலிக்குதா?"

"இல்லம்மா. சும்மா வா."

ஸ்டூடியோ ஒரு மாடிப்படிக்கு மேலே இருந்த நீள அறை. ஒரு பக்கம் சாம்பல் நிறத் திரை, இரண்டு பக்கமும் குடை வைத்த விளக்குகள். ஸ்டூடியோக்காரர் உற்சாகமான ஆள். "அடடா, வெள்ளைப் புறாக் கூட்டம் வந்திறங்கின மாதிரி இருக்கே!" என்று வரவேற்று, விளக்கைப் போட்டு, காற்றாடியை நிறுத்தினார். "திரை ஆடும் அய்யா, கோவிச்சுக்காதீங்க. அஞ்சு நிமிஷம்."

அஞ்சு நிமிஷம் பத்தாயிற்று. நாற்காலியை நகர்த்தினார், முகவாயைத் தூக்கச் சொன்னார், பெரியவளைச் சிரிக்காதே என்றார், அப்புறம் சிரி என்றார். அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, சின்னவளை அவர் மடியில் சாய்ந்து நிற்கச் சொன்னார். அவர் பிள்ளையைக் கொஞ்சம் முன்னால் தள்ளியே பிடித்தார்.

"அய்யா, பாப்பாவை ஒட்டி அணைச்சுக்குங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பிடிச்சிருக்கற மாதிரி இருக்கு."

சின்னவள் தானாகவே பின்னால் சாய்ந்து அப்பாவின் நெஞ்சில் முதுகை அப்பிக்கொண்டாள். இரண்டு படம் எடுத்தார். "அருமை! இப்ப அய்யா எழுந்து நில்லுங்க, அம்மா பக்கத்துல வரட்டும்."

சின்னவள் நகர்ந்தாள். வெள்ளைக் கவுனின் முதுகில், தோள்பட்டைக்கும் இடுப்புக்கும் நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு நீலம் ஏறியிருந்தது. ஓரத்தில் ஊதா ஓடிய கருநீலம்.

பெரியவள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, இவ கவுன்ல என்ன இது?"

ஸ்டூடியோக்காரர் காமிராவிலிருந்து கண்ணை எடுத்தார். "அய்யோ. அய்யாவோட பேனா ஒழுகிடுச்சா?"

"ஆமா, பேனாதான்" என்றார் அவர்.

சட்டையில் பையே இல்லை. அவள்தான் பை இல்லாத சட்டையாகப் பார்த்து எடுத்தவள்.

அவள் அவரைப் பார்த்தாள். பவுடர் கரைந்து ஓடிவிட்டது. நெஞ்சில் பிள்ளை சாய்ந்திருந்த இடம் நீலம், கழுத்துப் பட்டியின் உள்மடிப்பில் நீலம், அக்குளில் பெரிய வட்டமாக நீலம் பரவி விலா வரை இறங்கிக்கொண்டிருந்தது. பட்டறையில் இந்த மாதம் கருநீலம் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியும். பாட்டில் ஷெட்டுக்குப் பின்னால் ஓடுகிற சாக்கடையில் அதுதான் ஓடுகிறது. தினமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போகிறாள். மூன்று மாதத்துக்கு முந்திய சாயம் இப்படிக் கிளம்பாது. இது புதுசு.

தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டது. புழுக்கம் என்று சொல்லி வராந்தாவில் பாய் போட்டுப் படுத்தது. பிளீச்சிங் பவுடர் வாடையடித்த கையைப் பார்த்துக் கேட்டபோது பட்டறையில் தரை கழுவினேன் என்றது. இதையெல்லாம் அவள் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

அவர் ஸ்டூடியோக்காரரைப் பார்த்தார். அந்த ஆள் நாகரிகமானவர். விளக்கு ஒயரைச் சரிபார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பதினேழு நாள்" என்றார். "மடிக்கிறதுக்கு மெஷின் வந்துடுச்சு. எட்டுப் பேரையும் கூப்பிட்டு, தொட்டிக்குப் போறீங்களா, கேட்டுக்கு வெளிய போறீங்களா, எது வேணும்னாங்க. கேட்டுக்கு வெளிய போனா பட்டறை குடுத்த குவாட்டர்ஸை ஒரு வாரத்துல காலி பண்ணணும்."

"எங்கிட்ட சொல்லலாமில்ல?"

"சொன்னா மறுபடி மேஸ்திரி மேஜைக்கு முன்னால போய் நிப்பே. இப்ப அங்க அந்த ஆளும் இல்ல. அவரையும் அனுப்பிட்டாங்க."

சின்னவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கவுனின் முதுகைப் பார்ப்பதற்காகத் தன்னையே சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஸ்டூடியோக்காரர் மெதுவாக, "அம்மா, ஒண்ணும் கவலை இல்ல. கம்ப்யூட்டர்ல போட்டு வெள்ளையாக்கிடலாம். இல்ல, இன்னொரு நாள் வரீங்களா?" என்றார்.

இன்னொரு நாள். அவள் அந்தச் சொல்லை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். டாக்டர் இத்தனை நாள் என்று விரலை மடக்கிக் கணக்குச் சொல்லவில்லை. திரும்ப வரும் என்று மட்டும்தான் சொன்னார்.

"இல்ல, இப்பவே எடுங்க" என்றாள். "சீக்கிரம் எடுங்க. இன்னும் பரவறதுக்குள்ள."

அவளே ஆளை நிறுத்தினாள். அவரை நடுவில் விட்டு, அக்குள் தெரியாதபடி பெரியவளை இடது பக்கம் நெருக்கினாள். சின்னவளை முன்னால் நிறுத்தி, அவள் தலை நெஞ்சுக் கறையை மறைக்கட்டும் என்று மரப்பெட்டி ஒன்றின் மேல் ஏற்றினாள். வலது பக்கம் தான் நின்று, தோளை அவர் மேல் அழுத்தினாள். அவர் உடம்பு கொதித்தது. அழுத்தின இடத்தில் தன் உடுப்பும் நனைவது தெரிந்தது. நகரவில்லை.

"சிரிங்க" என்றார் ஸ்டூடியோக்காரர். சிரித்தார்கள். நாலு படம் எடுத்தார். நாலிலும் சிரித்தார்கள்.

வெளியே வந்தபோது வெயில் இன்னும் அப்படியே இருந்தது. பஸ் நிறுத்தத்தின் நிழல் ஒரு முழம்கூட இல்லை. அதில் பிள்ளைகளை நிறுத்தினாள். அவர் அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி ஒரே மூச்சில் காலி செய்தார். தொண்டைக்குழி ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்ல வேண்டியது இரண்டே சொல். நாளைக்குப் போகாதீங்க. சொன்னால் அவர் போக மாட்டார். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அவள் வாயிலிருந்து அது வரட்டும் என்றுதான் அவர் காலியான பாட்டிலைத் திருகிக்கொண்டு நிற்கிறார். அதற்கு அப்புறம்? பாட்டில் ஷெட்டில் வீடு கொடுப்பதில்லை. இவர் உடம்பைப் பார்த்து வேறெந்தப் பட்டறைக்காரன் உள்ளே விடுவான்? நாத்தனார் வீட்டில் ஏற்கெனவே ஒரு அறையில் ஆறு பேர். தெருவில் நின்றால் மாத்திரை எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, இரண்டு பெண் பிள்ளைகள் எங்கே? எந்தப் பக்கமாகச் சுற்றி வந்தாலும் யோசனை அந்தப் பட்டறைக் கேட்டில் போய்த்தான் முட்டியது.

"ஏதாவது சொல்லேன்" என்றார் அவர். "திட்டவாவது செய்."

தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்?" என்று கேட்டாள்.

அவர் பாட்டிலைத் திருகுவதை நிறுத்தினார். பிறகு, "ஆறு மணி ஷிஃப்ட்" என்றார்.

"நாலரைக்கு எழுப்பறேன்."

தலையாட்டினார். அவர் முகத்தில் அப்போது என்ன இருந்தது என்று அவள் பார்க்கவில்லை. பஸ் வந்து நின்றது. சின்னவளைத் தூக்கிப் படியில் விட்டாள். பெரியவள் ஏறாமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினைந்து வயசு. எல்லாம் கேட்டவள், எல்லாம் புரிந்தவள்.

"அம்மா, அப்பா மறுபடியும் தொட்டிக்கா போறாரு?"

"ஏறுடி, பஸ் கிளம்பிடும்" என்றாள் அவள்.