கொஞ்சம் தள்ளி நில்லுங்க

கல்யாணப் படம் எடுக்க வருவதற்கு முன்னால் நான் நசுங்கிய கார்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை. எவனாவது எதிலாவது கொண்டுபோய் இடித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பான். நான் போய் முன்பக்கம், பின்பக்கம், நம்பர் பிளேட், அடிபட்ட இடம் என்று வரிசையாக எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆபீஸில் எனக்கு ‘நசுங்கல் அக்கா’ என்றே பெயர். அந்த வேலையில் ஒரே ஒரு சட்டம்தான், படத்தில் ஆள் விழக் கூடாது. ஒருத்தன் கை தெரிந்தால்கூட மேலே இருக்கிறவர் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் காரைச் சுற்றி வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை விரட்டுவதே பாதி வேலை. “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல வர்றீங்க” என்று நாளெல்லாம் கத்திக் கத்தி, கேமராவைக் கண்ணில் வைத்தாலே வாய் தானாக அதைச் சொல்லும்.

அலுத்துவிட்டது. இத்தனை வருஷம் கேமரா பிடித்த கைக்கு, சிரிக்கிற ஒரு முகத்தை எடுத்த அனுபவம் கிடையாது என்றால் அது என்ன பிழைப்பு? இனிமேல் கல்யாணம் எடுக்கப் போகிறேன் என்று ஒருநாள் வீட்டில் அறிவித்தேன். வீட்டுக்காரர் பேப்பரை இறக்காமலே, நீ ஒரு இடத்தில் ரெண்டு நிமிஷம் நிற்பாயா என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. எனக்குக் காலில் சக்கரம். பால் பொங்கும்வரை அடுப்பு முன்னால் நிற்கப் பொறுக்காது, அதற்குள் நாலு வேலை பார்க்கக் கிளம்பி, பால் பொங்கி வழிந்த பிறகுதான் திரும்பி வருவேன். நாத்தனார் ஒருத்திதான் என் பக்கம். “அண்ணி, நான் லைட் பிடிக்கிறேன்” என்றாள். ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டில் உட்கார்ந்து தன் அண்ணனோடு மல்லுக்கட்டுவதற்கு இது மேல் என்று நினைத்திருப்பாள்.

முதல் கல்யாணத்தைப் பிடித்துக் கொடுத்தவளும் அவளேதான். அவளோடு வேலை பார்க்கிற பெண்ணுக்குக் கல்யாணம். பெரிய ஆட்களைக் கூப்பிட அவர்களுக்குத் தோதுப்படவில்லை, என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண்ணைப் பார்த்துப் பேச நானும் நாத்தனாரும் போனோம். எந்த மாதிரி படம் வேண்டும், ஆல்பம் எப்படி இருக்க வேண்டும் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

அவளுக்கு ஒரு அண்ணன். அப்பா தன் வியாபாரக் கூட்டாளியின் மகளை அவனுக்குப் பேசி முடித்திருக்கிறார். எல்லாம் கூடிவந்த நேரத்தில் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேலை தேடிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். கூட்டாளி முறைத்துக்கொண்டு பிரிந்தார், வியாபாரம் படுத்தது. அப்பா வீட்டில் இருந்த படங்களில் அவன் இருந்ததை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டார். குடும்பமாக எடுத்த ஒன்றில் அவன் நின்ற ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அதை நானே கூடத்தில் பார்த்தேன். இவளும் சேர்ந்துகொண்டாள். அண்ணனால்தான் வீடு இப்படி ஆனது என்ற கோபத்தில், போனில் இருந்த அவன் படம் அத்தனையையும் அழித்து, அதை அவனிடமே சொல்லவும் செய்திருக்கிறாள். அப்போது நின்ற பேச்சுதான்.

“கல்யாணத்துக்கு வர்றேன்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லியிருக்கான் அக்கா. தலையைக் காட்டிட்டு உடனே போயிடுவானாம். அவனும் நானும் சேர்ந்து நிக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுத்துடுங்க. மத்ததெல்லாம் எப்படி வந்தாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.”

அவன் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். காட்டுவதற்குத்தான் அவளிடம் ஒன்றும் இல்லையே. உயரமாக இருப்பான், வந்தால் நானே கண்ணைக் காட்டுகிறேன் என்றாள். இது ஒரு பெரிய விஷயமா, விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். வாய் இருக்கிறதே என்று சொல்லிவிடுவதுதான் என் வழக்கம்.

கல்யாணத்தன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மண்டபத்துக்குள் நுழைந்ததும் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், மறுபடி கழற்றி மாட்டினேன். நாற்காலி வரிசைகளுக்கு நடுவில் போவதும் வருவதுமாக இருந்த என்னைப் பார்த்து, நீங்க நிக்கிற இடம் தெரிஞ்சாத்தானே நான் லைட்டைத் திருப்ப முடியும் என்று நாத்தனார் பல்லைக் கடித்தாள். உயரமாக எவர் வாசலில் தெரிந்தாலும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒருவரைப் பார்த்து இவர்தான் என்று முடிவு கட்டி, கேமராவோடு பின்னாலேயே போனால், அவர் மைக் சரிபார்க்க வந்தவர். இன்னொருவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. எந்தப் பக்கம் திரும்பினாலும் உயரமான ஆட்களாகவே இருந்தார்கள். இந்த உலகத்தில் குள்ளமானவர்களே பிறப்பதில்லையா என்று எரிச்சலாக வந்தது.

நடுவில் மாப்பிள்ளை தன் ஆபீஸ் ஆட்களை வரவேற்கக் கீழே இறங்கிப் போனார். மேடையில் பெண் தனியாக இருந்தாள். ஒரு நல்ல படம் எடுத்துவிடலாம் என்று அவளை நடுவில் நிறுத்தினேன். என்னையே பார், கண்ணை அசைக்காதே என்று சொன்னேன். அவளும் அப்படியே நின்றாள். கேமராக் கண்ணாடிக்குள் பின்னால் இருந்த பூத்திரையோடு அவள் மட்டும் அவ்வளவு அழகாகத் தெரிந்தாள். காலையிலிருந்து முதல்முறையாக நான் ஒரு இடத்தில் நின்றிருந்தேன். விரலை அழுத்தப் போகும் நேரத்தில், பக்கவாட்டுப் படியில் ஒருவர் ஏறி வந்து அவளுக்குச் சற்றுப் பின்னால் நின்றார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல வர்றீங்க.”

சொன்னது மட்டுமா, ரோட்டில் கூட்டத்தை விரட்டுகிற மாதிரி கையையும் வீசினேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். “சரிங்க” என்று சொல்லிவிட்டு வந்த படியிலேயே இறங்கிவிட்டார். அந்தக் குரலைக் கேட்டதும்தான் பெண் திரும்பினாள். நான் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அவள் முகம் எப்படி மாறியது என்பதை அதன் வழியாக மிக நெருக்கமாகப் பார்த்தேன். படத்திலிருந்து வெட்டி எறியப்பட்ட மனுஷனை, அவர் தங்கச்சி கல்யாண மேடையில் வைத்தே நானும் வெட்டி எறிந்துவிட்டேன்.

அடுத்த நொடி ஓடினேன். நாற்காலிகளில் இடித்துக்கொண்டு, யார் காலையோ மிதித்துக்கொண்டு ஓடினேன். லைட் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு நாத்தனாரும் பின்னாலேயே வந்தாள். அவரை வாசலுக்கு வெளியே பிடித்தேன். பூ ஏற்றி வந்த வேன் ஒன்று வழியை அடைத்து நின்றதால்தான் பிடிக்க முடிந்தது, இல்லையென்றால் போயிருப்பார்.

மூச்சு வாங்க மன்னிப்புக் கேட்டேன். ஆள் தெரியாமல் சொல்லிவிட்டேன், பழக்க தோஷம், நான் ஒரு மடச்சி என்று என்னென்னவோ உளறினேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சிரித்தார்.

“நீங்க சரியாத்தாம்மா சொன்னீங்க. நான் இருக்கிற ஆல்பத்தை அப்பா வீட்டுக்குள்ளயே விட மாட்டாரு. அவளுக்கு எதுக்கு அந்தத் தொல்லை? நான் பாத்துட்டேன், நல்லா இருக்கா. அது போதும்.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என் மேல் வந்த கோபம்தான், ஆனால் எதிரில் நின்றது அவர். காலையிலிருந்து அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது தெரியுமா என்று கேட்டேன். இத்தனை தூரம் வந்துவிட்டு முகத்தைக் காட்டாமல் ஓடுவது என்ன வீரம் என்று கேட்டேன். அப்பாவுக்குப் பயந்தா, தங்கச்சிக்குப் பயந்தா என்றும் கேட்டேன். முன்பின் தெரியாத மனுஷனிடம் இப்படிப் பேசக் கூடாதுதான். பேசினேன். நாத்தனார் என் முதுகில் கிள்ளினாள்.

கிள்ளியது என் வாயை அடக்க என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், கனமான கல்யாண உடுப்பை இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண் படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். தலையில் வைத்த பூ பாதி அவிழ்ந்து தோளில் கிடந்தது. வந்து அண்ணன் எதிரில் நின்றாள். வேனிலிருந்து பூக்கூடை இறக்கியவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கடைசியில் அவர்தான் பேசினார். “நீயும்தான அழிச்சே.”

“அழிச்சேன். அன்னைக்கே திரும்ப எடுக்கப் பாத்தேன், வரல.” அவள் குரல் உடைந்தது. “அப்பா பாக்கலன்னா போகட்டும். அது என் ஆல்பம். நீ இல்லாத ஆல்பம் எனக்கு எதுக்குண்ணா?”

எடுக்கட்டுமா என்று கேட்டேன். நானா இவ்வளவு மெதுவாகப் பேசுகிறேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். நடுவில் இன்னொரு ஆள் நிற்கிற அளவு இடம் இருந்தது. நெருங்கி நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படியே ஒன்று எடுத்தேன்.

காட்டுங்கள் என்று கையை நீட்டினார். எனக்குத் திக்கென்றது. அழிக்கச் சொல்லப் போகிறார். சொன்னால் என்ன செய்வது, அவர் முகம், அவர் பாடு, முடியாது என்று எந்த வாயால் சொல்வது? கேமராவைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே திரையை மட்டும் அவர் பக்கம் திருப்பினேன். அவர் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பெண் அவரை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல கண்ணை மூடியிருக்கேன்” என்றார். “இன்னொண்ணு எடுங்க.”

பெண் அழுகையும் சிரிப்புமாக அவர் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். நான் கேமராவைத் தூக்கினேன். கண் நிறைந்து எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. குத்துமதிப்பாகத்தான் அழுத்தினேன்.