சிவப்புத் தெருவும் புதுக் கிட்னியும்

ஊருக்கு வயிறு சரியில்லை என்றால் முதலில் தெரிவது எங்களுக்குத்தான். தெருத்தெருவாகச் சாக்கடை மூடியைத் திறந்து, கயிற்றில் பாட்டிலை இறக்கித் தண்ணீர் எடுத்து ஆய்வகத்தில் கொடுப்பது என் வேலை. அதில் வயிற்றுப்போக்குக் கிருமி இருந்தால் தெருமுனைப் பலகையில் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. கிருமியை ஏதோ நான்தான் கொண்டுவந்து விட்டதுபோல் வீட்டுக்காரர்கள் என்னை முறைப்பார்கள். உள்ளே ஓடுவது என்னவோ அவர்கள் வீட்டுச் சரக்கு.

என் அக்காவின் தெரு சிவப்பு. மாமாவுக்கு மாற்றுக் கிட்னி வைத்து, தெருக்கோடி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். புதுக் கிட்னி வைத்த உடம்பு கிருமியைத் தாங்காது, சிவப்புத் தெருவுக்கு அவரை அனுப்பவே முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அக்கா அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வீடு வீடாகப் போனாள்.

அடுத்த முறை நான் மூடியைத் திறந்தபோது, குளித்த தண்ணீர் மட்டும் சோப்பு நுரையோடு ஓடியது. என் சர்வீஸில் மணக்கும் சாக்கடையை அன்றுதான் பார்த்தேன்.

தெருக்கோடிக்குப் போய்ப் பார்த்தால், தெருக்காரர்கள் மொத்தப் பேரும் ஆஸ்பத்திரியின் பொதுக் கழிப்பறை வாசலில் வரிசையில் நின்றார்கள். எதிர்வீட்டு வக்கீல் வயிற்றைப் பிடித்தபடி முன்னால் நின்றவரிடம் வாதாடிக்கொண்டிருந்தார். வரிசையை ஒழுங்குபடுத்தியது அக்கா.

"என்னக்கா கூத்து இது?"

"இன்னிக்கு நம்ம தெருவுல யாருமே போகலடா. பச்சை வந்துரும்ல?"

"வரும். ஆனா இந்த ஆஸ்பத்திரிக் குழியிலயும் நான்தானே பாட்டில் விடறேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னடா கேடு உனக்கு?"

மறுநாள் தெரு பச்சை, ஆஸ்பத்திரி சிவப்பு. நோயாளிகளும் நர்சுகளும் வெளியே வரக் கூடாது, உறவுக்காரர்கள் உள்ளே போகக் கூடாது என்று கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

அக்கா அசரவில்லை. அடுத்த சோதனை நாளில் ஆஸ்பத்திரிக்குள் ஒருவரும் கழிப்பறைக்குப் போகக் கூடாது என்று போனிலேயே ஏற்பாடு செய்தாள். நர்சுகள் உட்பட எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அவர்களும் வீட்டு முகத்தைப் பார்க்க வேண்டாமா?

அன்று காலை கேட்டுக்கு வெளியே இருந்த குழியை நான் திறக்க, அக்கா பக்கத்திலேயே நின்றாள். மாமாவிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"கொஞ்சம் பொறுத்துக்குங்க. தம்பி இப்பத்தான் பாட்டில இறக்கப் போறான்."

"வருஷக்கணக்கா ஒரு சொட்டு வராம டயாலிசிஸ் மெஷினே கதின்னு கிடந்தேன். இப்பத்தான் இது ஒழுங்கா வேலை செய்யுது. அதைப் போய் அடக்கச் சொல்றியே."

அக்காவின் முகம் கோணிக்கொண்டது. சாக்கடைக்கு முன்னால் நின்று கண்கலங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

"போங்க," என்றாள் அக்கா. "நிம்மதியாப் போங்க. நீங்க போனா மத்தவங்களும் போவாங்க. சிவப்பாவே இருந்துட்டுப் போகட்டும். எத்தனை வாரமானாலும் நான் வெளியிலயே காத்துக்கிடக்கறேன்."

சற்று நேரத்தில் குழிக்குள் சலசலவென்று தண்ணீர் வந்தது. அக்கா குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"அவருதாண்டா," என்றாள்.