நடு பட்டன்

மூக்கண்டப்பள்ளியில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். முதலாளி அசோக்குமார், புரோகிராம் எழுதும் மோகனப்ரியா, பெருக்கித் துடைத்து டீ வாங்கி வரும் சரசம்மா, இவ்வளவு பேர்தான்.

பல மாதமாக ஒரே வேலை. தொழிற்சாலைப் பேருந்து எந்த நிறுத்தத்தைத் தாண்டியது என்று தொழிலாளர்கள் தங்கள் பட்டன் செல்போனிலேயே பார்த்துக்கொள்ள ஓர் அப்ளிகேஷன். கெலமங்கலத்தில் விடியற்காலைப் பனியில் நிற்கும் பெண்களை நினைத்துத்தான் அசோக்குமார் தொடங்கினார். ஆனால் ஒரு போனில் அடங்கிய திரை இன்னொன்றில் வெட்டுப்பட்டது. தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தது. ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகப் படமாக வரைந்து வைத்தாள் மோகனப்ரியா. படம் கூடியதும் போன் நின்றுபோனது. எல்லையோரம் தளிப் பக்கம் போனால் கர்நாடக டவரைப் பிடித்துக்கொண்டது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது. அவள் கண்கள் எப்போதும் எரிந்தன.

விஜயதசமிக்கு மறுநாள் தொழிற்சாலையில் செய்து காட்ட வேண்டும். அவர்கள் வேண்டாமென்றால் அலுவலகத்தை மூடிவிடுவதாக அசோக்குமார் சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜையன்று கீழே லேத்துகளுக்கெல்லாம் பொட்டு வைத்தார்கள். "நம்ம ஆயுதம் இதுதானே" என்று, சோதனைக்கு வைத்திருந்த நான்கு புதுப் போன்களையும் சாமி படத்தின் முன் வைக்கச் சொன்னார் அசோக்குமார். பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுப்பார்கள்.

மறுநாள் காலை மோகனப்ரியா எடுத்துப் பார்த்தபோது, திரையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அமுக்கும் நடு பட்டன் அமுங்கவில்லை. சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்திருந்தது. நான்கிலும் அப்படியே.

"யாரும்மா சந்தனத்த இப்படி அப்புனது?" என்றார் அசோக்குமார்.

"நாந்தான் சார்" என்றாள் சரசம்மா. "கீழ மெஷினுக்கெல்லாம் எவ்ளோ பெருசா வெச்சிருந்தாங்க. நம்முளுது குட்டியா இருக்குதே, நடுவுல நல்லா வெச்சா சாமி கண்ணுக்குத் தெரியும்னு..."

"தெரிஞ்சிருச்சு. நாளைக்கு நாம தெருவுல நிக்கறதும் நல்லாத் தெரியும்."

சரசம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மோகனப்ரியாவுக்கும் கோபம் இருந்தது. அதைக் காட்டத் தெம்பு இல்லை. குனிந்த அந்தத் தலையைப் பார்த்ததும் கோபமும் போய்விட்டது.

"விடுங்க சார். வெக்கச் சொன்னது நீங்க. அவங்க சாமிக்குன்னு வெச்சாங்க. அக்கா, டீ வாங்கிட்டு வாங்க. உங்களுக்கும் சேத்து."

டீயோடு வந்த சரசம்மா, இடுப்பிலிருந்து தன் போனை எடுத்து மேசையில் வைத்தாள். "இதுல பண்ணு கண்ணு. எம் பையன் குடுத்தது."

மோகனப்ரியா அதில் அப்ளிகேஷனை ஏற்றினாள். இதிலும் நடு பட்டன் அமுங்கவில்லை.

"இதுக்குமா பொட்டு வெச்சீங்க?"

"அய்யோ, இல்ல கண்ணு. அது வாங்கறப்பவே செத்துப்போச்சு. பஸ் ஸ்டாண்டு கடையில பழசா வாங்குனதுதானே. போன எடுக்கப் பச்சையும் வெக்கச் செவப்பும் இருந்தா எனக்குப் போதும்."

மோகனப்ரியா டீயைக் கீழே வைத்தாள். அதிகம் அமுக்கப்படும் பட்டன்தான் முதலில் தேயும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களில் எத்தனை பேர் கையில் புதுப் போன் இருக்கும்? அவள் எழுதியதோ எல்லாமே நடு பட்டனை நம்பி இருந்தது.

அன்று பகல் முழுவதும் அதை மாற்றினாள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஓர் எண். அந்த எண்ணை அமுக்கினால் போதும். சரசம்மாவின் போனில் அது ஓடியபோது மோகனப்ரியாவால் மகிழக்கூட முடியவில்லை. மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

மறுநாள் தொழிற்சாலையில் அவர்கள் நீட்டிய போனை அதிகாரி ஹரீஷ்குமார் வாங்கவில்லை. அந்தப் பக்கம் போன தமிழ்செல்வி என்ற தொழிலாளியைக் கூப்பிட்டு, அவள் போனில் ஏற்றச் சொன்னார். பிளாஸ்டிக் உறை போட்ட, எழுத்து அழிந்த போன். தமிழ்செல்வி திரையில் ராயக்கோட்டைக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்து மூன்றை அமுக்கினாள்.

"பஸ்ஸு ராயக்கோட்டை தாண்டிருச்சாம் சார்" என்றாள். மோகனப்ரியாவிடம், "நடுவுல அமுக்கவேணாமாக்கா? எனக்கு அது வேலை செய்யாது" என்றாள்.

"வேணாம்மா."

ஹரீஷ்குமார் அந்தப் போனை வாங்கிப் பார்த்தார். "ஒரு பஸ்ல மட்டும் போட்டுப் பாக்கலாம். பொங்கல் வரைக்கும். அப்புறம் பேசிக்கலாம்."

பொங்கல் வரை அலுவலகம் இருக்கும்.

அவர்கள் திரும்பி வந்தபோது சரசம்மா தரையில் உட்கார்ந்து ஈர்க்குச்சியால் போன் பட்டன்களின் இடுக்கைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். என்ன ஆயிற்றென்று கேட்கப் பயந்து நிமிர்ந்து பார்த்தாள்.

மோகனப்ரியா பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய போனை அவள் மடியில் வைத்தாள். "உங்க போனாலதான்க்கா ஒத்துக்கிட்டாங்க" என்று, இன்னொரு ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டாள்.

மூன்று டீ வாங்கிவர அசோக்குமார் தானே கீழே இறங்கினார்.