முரசும் மூன்றாம் ஓலையும்

ஜெனிஸை நேரில் பார்த்த யாரும் அவனைக் கோபக்காரன் என்று சொன்னதில்லை. கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை. நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்கு லாஞ்சில் போய், கயிற்றேணியில் ஏறி, கேப்டனிடம் காகிதங்களில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். எந்த நாட்டுக் கேப்டன் எரிந்து விழுந்தாலும் "யெஸ் கேப்டன்" என்று சிரித்துக்கொண்டே நிற்பான். டீக்கடையில் சீனி வேண்டாம் என்று சொல்லி, சீனி போட்ட டீ வந்தால், அதையே குடித்துவிட்டு நல்லா இருந்துச்சு என்று சொல்லிவிட்டு வருவான். முப்பத்திரண்டு வயது வரை இப்படியே ஓடிவிட்டது.

போனுக்குள் அவன் பெயர் 'முத்துத்துறை முரசு'. அங்கே அவன் சிங்கம்.

சிங்கமான கதை சின்னது. அவன் தெருமுனையில் இருந்த பஸ் நிறுத்தத்தை அடுத்த தெருவுக்கு மாற்றி, அங்கே புதிய நிழற்குடை கட்டப்போவதாகக் கவுன்சிலர் சந்தனச்செல்வி அறிவித்தார். "என் அம்மாவுக்கு மூட்டு வலி, அவ்வளவு தூரம் நடப்பது சிரமம், தயவுசெய்து பரிசீலிக்கவும்" என்று ஜெனிஸ் சொந்தப் பெயரில் எழுதினான். இரண்டு லைக் வந்தது. அதில் ஒன்று அம்மா போட்டது. எரிச்சலில் மறுநாள் 'முத்துத்துறை முரசு' என்று புதுக்கணக்கு தொடங்கி, அதே விஷயத்தை, கவுன்சிலரின் கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் முதுகெலும்பில்லாத அடிமைகள் என்று சேர்த்து எழுதினான். நானூறு லைக். அதற்குப் பிறகு அம்மாவின் மூட்டு எந்தப் பதிவிலும் வரவில்லை.

எதிர்க்கட்சிக்காரர்கள் அவனைத் "தலைவா" என்றார்கள். அலுவலகத்தில் ஒருவரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர்களுக்குப் பிடித்ததை எழுத எழுத, அதுவே தன் கருத்தென்றும் ஆகிவிட்டது. ஆறு மாதத்தில் மின்கட்டணம், மேம்பாலம், வெளியுறவுக் கொள்கை எல்லாவற்றிலும் அவனுக்கு உறுதியான அபிப்பிராயம் இருந்தது. சந்தனச்செல்வியின் கட்சி என்ன சொல்கிறது என்று பார்த்து, அதற்கு நேர் எதிரே போய் நின்றால் அபிப்பிராயம் தயார். இதில் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. போன தேர்தலில் அவன் ஓட்டுப் போட்டதே சந்தனச்செல்விக்குத்தான். தெருச் சாக்கடையைச் சரிபண்ணிக் கொடுத்திருந்தார்.

அலுவலகத்தில் அடுத்த நாற்காலியில் இருந்த பேச்சிராஜா அந்தக் கட்சி ஆள். ஒரு சண்டையில் முரசு அவனை பிளாக் செய்துவிட்டது. "எவன்லே இந்த முரசு? கையில கெடச்சான்னா இருக்கு அவனுக்கு" என்று மத்தியானச் சாப்பாட்டில் பேச்சிராஜா புலம்புவான். "விடுலே, வேலையத்த பய" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே, ஜெனிஸ் அவன் டிபன் பாக்ஸிலிருந்து புளிக்குழம்பை எடுத்து ஊற்றிக்கொள்வான்.

இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் டெல்பின். இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண். ஈஸ்டர் முடிந்த வாரம் இருவருக்கும் கல்யாணம் என்று பேசி நிச்சயமும் முடிந்திருந்தது. இரண்டாவது போன் பேச்சிலேயே, முரசு நான்தான் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அப்படியா" என்றாள் டெல்பின். அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டான்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் இருப்பதாக அறிந்தோர் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று. வாசித்துவிட்டுச் சாமியார் ஒரு நொடி நிறுத்துவார். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். முதல் ஓலை அப்படித்தான் நல்லபடியாக வாசித்து முடிந்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நிழற்குடைத் திறப்பு விழா. துறைமுக வாசலில் லாஞ்சுக்குக் காத்திருந்தபோது, ரசிகர் ஒருவர் முரசுக்கு ஒரு படம் அனுப்பினார். கூட்டத்தைப் பின்னாலிருந்து எடுத்த படம். நடுவில் ஒரு வழுக்கைத் தலை. அந்த ஆள் இரண்டு கையையும் உயரத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். ஜெனிஸ் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டான். "பிரியாணிப் பொட்டலத்துக்குக் கை வலிக்கத் தட்டும் இந்த மண்டைக்குள் ஏதாவது இருக்குமா?" என்று எழுதிப் போட்டுவிட்டு லாஞ்சில் ஏறினான். கப்பலிலிருந்து இறங்கி சிக்னல் கிடைத்தபோது மூவாயிரத்து எழுநூறு லைக். சாயங்காலத்துக்குள் அந்தத் தலை ஸ்டிக்கராகி ஊரைச் சுற்றியது. அவன் அம்மா பிளாரன்ஸே அதைக் குடும்ப குரூப்பில் போட்டு, கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் நாலையும் சேர்த்திருந்தாள்.

ஞாயிறு இரண்டாம் ஓலை. டெல்பினின் அப்பா வளன் எப்போதும் முதல் வரிசையில் உட்காருகிறவர். தோணியில் தண்டலாக, அதாவது தலைமை மாலுமியாக, மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் சரக்கு கொண்டுபோய் வந்த மனிதர். அன்று பூசை முழுக்கக் கடைசியில், சுவரோடு முதுகை ஒட்டி நின்றார். முதுகு வலி போலிருக்கிறது என்று ஜெனிஸ் நினைத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் ரோச் பூங்காவுக்கு வரச் சொன்னாள் டெல்பின். தலையெல்லாம் வாரி, சென்ட் அடித்துக்கொண்டு போனான். அவள் போனை நீட்டினாள். அவன் போட்ட படம்தான். தலையை விட்டுவிட்டு அதற்குக் கீழே பெரிதாக்கிக் காட்டினாள்.

"இந்தச் சட்டைய எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

கத்திரிப்பூ நிறம், மெல்லிய வெள்ளைக் கோடு. "எங்கயோ பாத்த மாதிரிதான் இருக்கு..."

"நிச்சயதார்த்தத்துக்கு உங்கம்மா எங்கப்பாவுக்கு எடுத்துக் கொடுத்தது. கலரு நீங்க பாத்து எடுத்ததுன்னு சொன்னாவ."

சட்டை எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. படத்தை அவன் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. சந்தனச்செல்வி கட்சிக் கூட்டத்தில் சட்டை போட்ட மனிதர்கள் இருப்பார்கள் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

"அன்னைக்கு என்ன கிழம?" என்றாள்.

"வெள்ளி."

"என்ன காலம்?"

"தவக்காலம்..." என்றான். சொல்லும்போதுதான் உறைத்தது. அன்று நோன்பு என்று அவனே பேச்சிராஜாவின் புளிக்குழம்பைத்தான் தின்றிருந்தான்.

"சாம்பல் புதன்லருந்து அப்பா கறி தொடல. கோயில் வாசல்ல வச்சு, 'என்ன தண்டலே, நோம்புல பிரியாணியா?'ன்னு கேக்காவ. அடிமைன்னு நீங்க எழுதுனதெல்லாம் அவருக்குப் பெரிசில்ல. நாப்பது வருசமா அதக் கேட்டுட்டுதான் கொடி புடிக்காரு. நோம்ப முறிச்சவருன்னு ஊர்பூராச் சொல்லிட்டீங்களே. அங்கன பிரியாணி குடுத்தாங்களான்னாச்சும் தெரியுமா?"

"தெரியாது."

"கடலமுட்டாய் குடுத்தாங்க. அதையும் எனக்குன்னு வீட்டுக்குக் கொண்டாந்துட்டாரு."

அவள் குரல் அங்கே உடைந்தது. ஜெனிஸ் கைக்குட்டையை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. துப்பட்டாவிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நேர்ல வர்ற ஆளத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு. போன்ல இருக்க ஆளக் கட்டிக்க எனக்கு விருப்பமில்ல. அடுத்த ஞாயிறு மூணாவது ஓல. அதுக்கு முன்னால நீங்களே அப்பாட்ட சொல்லணும். இல்லன்னா நான் சாமியாரப் பாப்பேன். தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னு அவருதான கேக்காரு? எனக்கு ஒண்ணு தெரியும்."

"கல்யாணப் பொண்ணே தடை சொல்ல முடியுமா?"

"பேரச் சொல்லாமக் கேட்டுப் பாத்துட்டேன். சொல்லலாமாம்."

திங்கள்கிழமை ஜெனிஸ் மன்னிப்புப் பதிவு ஒன்று எழுதினான். நாலு பத்தி. வாசித்தபோது அவனுக்கே கண் கலங்கியது. இதை ராத்திரி போடுவதைவிடச் சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று புரிந்து அதை அழித்தான். புரிவதற்குக் கால் மணி நேரம் ஆனது. செவ்வாய்க்கிழமை படத்தை நீக்கினான். உடனே, "மிரட்டலா தலைவா? உயிர் உள்ளவரை உடன் நிற்போம்" என்று எண்பது பேர் எழுதிவிட்டார்கள். அதைப் படித்ததும் கொஞ்ச நேரம் நெஞ்சு நிமிர்ந்தது. புதனும் வியாழனும் வரிசையாகக் கப்பல்கள் வந்தன. ஆண்டவருக்கு நன்றி சொன்னான். வெள்ளிக்கிழமை ஒரு கப்பலும் வரவில்லை. அன்று தலைவலி என்று படுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை மத்தியானம் வேறு வழியில்லாமல் டெல்பின் வீட்டுக்குப் போனான். வளன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்ள, வாங்க. நானே கூப்பிடணும்னு இருந்தேன். நீங்க கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு. இந்த முரசுன்னு ஒரு பய இருக்கானாம். ஆரு எவருன்னு கண்டுபிடிச்சிருவீயளா?"

"கண்டுபிடிச்சு... என்ன செய்யணும் மாமா?"

"அடிக்கவா போறேன்? அன்னைக்கு நான் என்ன தின்னேன்னு அவன் மூஞ்சப் பாத்து ஒரு தடவ சொல்லணும். அம்புட்டுத்தான்."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"சொல்லுங்க மாமா" என்றான் ஜெனிஸ்.

"ஆருட்ட?"

"எங்கிட்ட. நான்தான் அது."

வளன் சிரித்தார். மாப்பிள்ளை விளையாடுகிறார் என்று அடுக்களைப் பக்கம் திரும்பினார். அதன் வாசலில் நின்ற டெல்பின் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"ஏலே" என்றார். நிச்சயத்துக்குப் பிறகு அவனை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நான் கஞ்சி குடிச்சேன்லே. கஞ்சியும் துவையலும்."

"மாமான்னு தெரிஞ்சிருந்தா சத்தியமா எழுதியிருக்க மாட்டேன்."

"அப்ப வேற எவன் தலையா இருந்தாலும் எழுதியிருப்ப?"

ஆமாம் என்பதுதான் உண்மை.

"எங்க கட்சி மேல அம்புட்டுக் கோவமா ஒனக்கு?"

கோபத்தைத் தேடிப் பார்த்தான். ஆறு மாதமாகத் தினமும் எழுதிய கோபம், கேட்கும்போது ஒரு துளி கிடைக்கவில்லை. கடைசியில், "அம்மாவுக்கு மூட்டு வலி... பஸ் ஸ்டாப் தூரமாயிரும்னு..." என்றான்.

"அதச் சந்தனச்செல்விட்ட சொன்னியா?"

"இல்ல."

"அவ வீடு எங்கன இருக்கு?"

"எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி."

வளன் மகளைப் பார்த்தார். 'இவனையா கட்டிக்கப் போற?' என்று அந்தப் பார்வை கேட்டது. டெல்பின் விட்டத்தைப் பார்த்தாள்.

"போனுல நீ என்ன சொன்னாலும் எனக்குக் கேக்காது" என்றார் வளன். "எங்கிட்ட கேட்டவனெல்லாம் கோயில் வாசல்ல வச்சுத்தான் கேட்டான். நாளைக்குப் பூசைக்கு முன்னால அங்கன நின்னு நீ சொல்லு. ஓல வாசிக்கதா வேண்டாமான்னு அதுக்கப்புறம் பாப்போம்."

ஆறாயிரம் பேருக்கு முழங்கிய முரசுக்கு, மறுநாள் காலை கோயில் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் முன்னால் தொண்டை வற்றியது. முதலில் வந்த பெரியவரை மடக்கினான்.

"அண்ணாச்சி, அந்தப் பிரியாணிப் படம் நான்தான் போட்டேன். மாமா அன்னைக்கு கஞ்சிதான் குடிச்சாவ."

"எந்தப் படம் தம்பி?"

விளக்கிப் பார்த்தான். அவருக்குப் புரியவில்லை. வேறு வழியின்றிப் போனை எடுத்து ஸ்டிக்கரைக் காட்டினான். அண்ணாச்சி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அட, நம்ம தண்டல் தலையால்லா இது! எனக்கு ஒண்ணு அனுப்பு."

"ஏலே! கேட்டவனுக்கு மட்டும் சொல்லுலே. எல்லாருக்கும் காட்டாத!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து வளன் கத்தினார்.

கேட்டவர்களாகப் பார்த்து ஒவ்வொருவரிடமும் சொன்னான். ஒருத்தர் திட்டினார். ஒருத்தர் தோளில் தட்டினார். வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் அருணாசலவடிவு அக்கா, "இதுக்குத்தானா அவரு அன்னைக்கு அப்படி மூஞ்சத் திருப்பிட்டுப் போனாரு?" என்று நேரே வளனிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். பைக்கில் வந்த ஒருவர் மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"நீங்கதான் முரசா? தலைவா! ஒரே ஒரு செல்ஃபி!"

ஜெனிஸின் கை தானாகத் தலைமுடியைச் சரிசெய்தது. அப்போதுதான் தெருமுனையில் டெல்பின் வருவது தெரிந்தது. கையை இறக்கினான்.

"அந்தப் படம் தப்புங்க. தெரியாம எழுதிட்டேன்."

'தலைவா' என்றவரின் முகம் மாறியது. "ஓகோ. நீங்களும் அந்தப் பக்கம் சாஞ்சாச்சு" என்று வண்டியை எடுத்தார். பூசை மணி அடிப்பதற்குள் ஜெனிஸின் சட்டைப்பையில் போன் அதிர ஆரம்பித்துவிட்டது. பிரசங்கம் முழுக்க அதிர்ந்தது.

நற்கருணை வாங்கி முடிந்த பிறகு சாமியார் தாளை எடுத்தார். ஜெனிஸ் பெயர், பிளாரன்ஸ் பெயர், வளன் பெயர், டெல்பின் பெயர். மூன்றாம் ஓலை. "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தோர்..." வாசித்துவிட்டு வழக்கம்போல ஒரு நொடி நிறுத்தினார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் இருமல்.

அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். கோயிலே திரும்பியது. சாமியார் கண்ணாடிக்கு மேலாக அந்தப் பக்கம் பார்த்துக் காத்திருந்தார். ஜெனிஸுக்கு உள்ளங்கால் வரை வேர்த்தது. டெல்பின் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். சாமியாரைப் பார்த்து, ஒன்றுமில்லை என்பதுபோல் தலையசைத்தாள். அவர் தாளை மடித்தார்.

வெளியே வந்ததும் அவளிடம் ஓடினான்.

"என்ன இருமல் அது?"

"தொண்ட கட்டிருச்சு."

"இப்பந்தானா கட்டணும்?"

"ஒரு வாரமா நான் தூங்கல. நீங்க ஒரு நிமிசம் பயந்தா என்ன?"

பையில் போன் மறுபடி அதிர்ந்தது.

"எடுத்துப் பாக்கலையா?" என்றாள்.

"அடிமைன்னு திட்டுதானுவ."

"ஆரு?"

"என் ஆளுங்கதான்."

அந்த வாரத்தில் முதல் தடவையாக டெல்பின் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, கையை நீட்டினாள். ஜெனிஸ் போனை எடுத்து அதில் வைத்தான். பதிலுக்கு நாலு வரி மனசுக்குள் தயாராக இருந்தது, அதில் மூன்றாவது வரி அருமையான வரி. அதை விழுங்கிக்கொண்டு, மாமாவும் அம்மாவும் நின்றிருந்த பக்கம் நல்ல பிள்ளையாக நடந்தான்.

நாலடி போனதும் நின்று திரும்பினான்.

"எத்தன பேரு திட்டியிருக்கான்?"