மல்லி என்றால் பல்லி

அறுபத்தெட்டு வாக்கில் தாம்பரத்தில் மெட்டில்டா டீச்சருக்கு நல்ல பேர். எந்த மண்டூகத்தையும் தீபாவளிக்குள் எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்துவிடுவாள் என்று அஸ்தினாபுரத்திலிருந்துகூடப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அந்தப் பேருக்கு வேட்டு வைக்க வெளியாள் யாரும் வரவேண்டியிருக்கவில்லை. சொந்த மகள் ஞானஜோதியே அவளுடைய ஒன்றாம் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் அச்சு அசலாக எழுதுவாள். வாயால் சொன்னால் வந்தது வினை. 'மல்லி' என்றால் 'பல்லி' என்று எழுதுவாள். 'மாடு' என்றால் 'பாடு'. வகுப்பே சிரிக்கும். கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். போன வருஷம் அப்பா தனசிங் காலமானதிலிருந்தே இப்படித்தான். அந்த மாதம்தான் குழந்தைக்கு மணல்வாரி அம்மை கண்டு காய்ச்சல் கொளுத்தியது. சாவு வீட்டில் அதை யார் பெரிதாக நினைத்தார்கள்? ஏக்கம் என்றார்கள், அப்புறம் பிடிவாதம் என்றார்கள்.

"அழுத்தம் ஜாஸ்தி டீச்சர். இன்னொரு வருஷம் ஒண்ணாங்கிளாஸ்லயே போட்டுடுங்க" என்றாள் பக்கத்து வகுப்பு சாவித்ரி. மெட்டில்டாவை அவமானம் பிடுங்கித் தின்றது.

ஒருநாள் 'அம்மா' என்று சொன்னாள். மகளின் சிலேட்டில் 'அப்பா' என்று இருந்தது.

செத்தவரைத் தேடுகிறாள், உயிரோடு இருக்கிற என்னை வேண்டாம் என்கிறாள் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் உனக்கு ஆகாதவளாடி?" என்று எல்லாப் பிள்ளைகள் முன்பும் ஸ்கேலால் விளாசினாள். அதற்கப்புறம் தினமும் அதே சொல், அதே தப்பு, அதே அடி.

ஐப்பசி மழையில் மெட்டில்டாவுக்குப் பல்வலி. வீங்கிய கன்னத்தோடு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டே சொல்வதெழுதுதல் நடத்தினாள். பிள்ளைகள் எழுதினார்கள். ஞானஜோதி மட்டும் பலப்பத்தைப் பிடித்தபடி அந்தத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிலேட்டில் ஒன்றுமில்லை.

"என்னடி, என் மூஞ்சியிலயா எழுதியிருக்கு?"

குழந்தை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மெட்டில்டாவுக்குச் சட்டென்று ஒரு சந்தேகம். பின்னால் போய் நின்று "ஜோதி!" என்று கத்தினாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது, மகளைத் தவிர.

மெட்டில்டா தனக்குள் முணுமுணுத்துப் பார்த்தாள். மல்லி, பல்லி. அம்மா, அப்பா. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரிந்தது.

அடிப் பாவி, காது போன குழந்தையையா இத்தனை நாள் அடித்தேன் என்று நெஞ்சு வெடித்தது. ஓடிவந்து மகள் முன்னால் மண்டியிட்டுத் தலைப்பை விலக்கினாள்.

"அம்மாவை மன்னிச்சிடு கண்ணு."

ஞானஜோதி அந்த உதடுகளை உற்றுப் பார்த்தாள். டீச்சர் அடுத்த சொல்லைச் சொல்கிறார் என்று நினைத்து, குனிந்து, முத்து முத்தாக எழுதினாள். எப்படியும் தப்பாகத்தான் இருக்கும் என்று தெரிந்து, சிலேட்டைக் காட்டுவதற்கு முன்பே உள்ளங்கையை நீட்டினாள்.