கொக்கி வரும் இடங்கள்

ஏணி, வாத்து, தொப்பி, தொப்பி, நண்டு. இந்த ஐந்து எழுத்துகளும் இதே வரிசையில் சேர்ந்த ஒரு சொல் எங்கள் புத்தகத்தில் எட்டு இடங்களில் இருக்கிறது. ஐந்து இடங்களில் சுத்தமாக இருக்கிறது. ஆறாவது இடத்தில் ஏணிக்கும் வாத்துக்கும் நடுவே ஒரு கொக்கி. ஏழாவதில் இரண்டு தொப்பிகளுக்கு நடுவே கொக்கி. எட்டாவதில் நண்டுக்கு முன்னால். கொக்கியும் ஓர் எழுத்து என்றால் இவை நான்கு வெவ்வேறு சொற்கள். எல்லாம் ஒரே சொல்தான் என்றால், அழையா விருந்தாளி மாதிரி இந்தக் கொக்கி ஏன் கிடைத்த இடத்தில் வந்து உட்காருகிறது? மூன்று மாதமாக எனக்கு விடை கிடைக்கவில்லை.

ஏணி, நண்டு எல்லாம் நாங்கள் வைத்த பெயர்கள். அந்தக் கையெழுத்துப் புத்தகத்தை இதுவரை யாரும் படித்ததில்லை. என்ன மொழி, எந்த எழுத்துக்கு என்ன ஒலி, ஒன்றும் தெரியாது. அதனால் வடிவத்தைப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டோம். அதைப் படிப்பது எங்கள் வேலை இல்லை. அதில் மொத்தம் எத்தனை எழுத்துகள் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. சின்ன வேலை மாதிரி தெரியும். ஆனால் முதல் கதவு அதுதான். முப்பது வடிவங்கள் இருந்தால் ஒவ்வொன்றும் ஓர் ஒலியாக இருக்கலாம். முந்நூறு இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு முழுச் சொல்லாகவே இருக்கலாம். எண்ணிக்கை தப்பினால் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் தப்பான வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள்.

எங்கள் அட்டவணையில் முப்பத்து நான்கு எழுத்துகள். முப்பத்து நான்காவது கொக்கி. அது என் கணவருடையது.

அவர் இந்த வேலையில் சேருவதற்கு முன்பு எல்லோரும் கொக்கியை அடுத்த எழுத்தின் தலையாகவே நினைத்திருந்தார்கள். கொக்கி வைத்த ஏணி ஓர் எழுத்து, வைக்காத ஏணி இன்னோர் எழுத்து. அப்படி எண்ணியபோது அறுபதுக்கு மேல் வந்தது. கொக்கிக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே பேனா தூக்கப்பட்டிருக்கிறது, மயிரிழை இடைவெளி இருக்கிறது, ஆகவே அது தனி என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொக்கிகளை வரைந்து காட்டி நிரூபித்தவர் அவர். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவருக்கு 'கொக்கி சார்' என்று பெயர். நானும் அப்போது அவருக்குக் கீழே வேலை பார்த்தவள்தான். கல்யாணத்துக்குப் பிறகும் கோபம் வந்தால் 'சார்' என்றுதான் வாயில் வரும்.

மாதக் கடைசியில் அட்டவணை அச்சுக்குப் போக வேண்டும். இந்த நேரம் பார்த்து அவருக்கு விழித்திரை விலகிவிட்டது. அறுவை சிகிச்சை செய்து, கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழி வைத்திருக்கிறார்கள். குமிழி மேல்நோக்கித்தானே போகும்? விழித்திரை இருப்பது கண்ணின் பின்சுவரில். முகத்தைத் தரை பார்க்க வைத்தால் பின்சுவர் மேலே வரும், குமிழி போய் அதை அழுத்திப் பிடிக்கும். அதனால் பத்து நாள் குப்புறப் படுக்க வேண்டும். மற்றொரு கண் ஏற்கெனவே மங்கல். இனி நுணுக்கமான வேலை செய்ய முடியுமா என்று கேட்டதற்கு டாக்டர், "பாக்கலாம்" என்றார். இனி அவர் பெயரில் நிற்கப் போவது அந்த ஓர் எழுத்துதான் என்று இருவருக்கும் தெரியும்.

பிற்பகல்களில் கட்டிலின் விளிம்புக்கு வெளியே முகத்தைத் தொங்கவிட்டுப் படுத்திருப்பார். நான் கீழே தரையில் உட்கார்ந்து, நகல் தாள்களைப் பார்த்து எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வேன். கொக்கிப் பிரச்சினையைக் காதாலாவது பிடிக்க முடியுமா என்று ஒரு நப்பாசை.

"தொப்பி, கரண்டி, ஏணி, கொக்கி, வாத்து..."

"மெதுவா. பஸ்ஸு ஏதாவது பிடிக்கணுமா?"

"தூங்கிட்டீங்களோன்னு நினைச்சேன்."

"குப்புறக் கிடக்கிறவன் தூங்குறானா முழிச்சிருக்கானான்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

"குறட்டைதான். ஊரே கண்டுபிடிக்கும்."

மூன்றாவது பக்கத்தில் அவர் விரல் கட்டில் சட்டத்தைத் தட்ட ஆரம்பித்தது. ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு தட்டு. ஐந்தாவது பக்கத்தில் தட்டுவது நின்றது.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளுங்க. அப்புறம் முடிவு பண்றேன்."

"நடு நடுவுல கொக்கிய நீயா செருகுறியா?"

"நான் எதுக்குச் செருகணும்?"

"எனக்குப் பிடிக்குமேன்னு. நோயாளிக்கு ஒரு கரண்டி சர்க்கரை தூக்கலாப் போடுற மாதிரி."

"சார், இத்தனை வருஷத்துல நான் ஒரு புள்ளியைக் கூட்டியோ குறைச்சோ படிச்சிருக்கேனா?"

"இல்ல. அதான் கேக்குறேன். ஏன் அளந்து வெச்ச மாதிரி வருது?"

பென்சிலை எடுத்து, ஒரு கொக்கிக்கும் அடுத்த கொக்கிக்கும் நடுவே எத்தனை எழுத்துகள் என்று எண்ணினேன். இருபத்தாறு. இருபத்து நான்கு. இருபத்தேழு. இருபத்தைந்து. இருபத்து மூன்று. நடுவில் ஒரே ஓர் ஐம்பத்தொன்று. மறுபடி இருபத்தாறு.

எழுத்து என்றால் இப்படி நடந்துகொள்ளாது. ஏதாவது ஒரு பக்கத்தில் 'க' எங்கெங்கே வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு ஒட்டி வரும், அப்புறம் முப்பது எழுத்துக்கு ஆளே இருக்காது, பிறகு ஒரே சொல்லில் மூன்று வரும். கல்யாண வீட்டில் உறவுக்காரர்கள் உட்காருகிற மாதிரி, அங்கங்கே கூட்டம் போடும். இந்தக் கொக்கிகளோ ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாதவை போல இடம் விட்டு இடம் விட்டு உட்கார்ந்திருந்தன. கொக்கி மொத்தம் எத்தனை, அதற்கு முன்னால் எது, பின்னால் எது என்றெல்லாம் எண்ணியிருந்தோம். இரண்டு கொக்கிகளுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் யாரும் எண்ணியதில்லை.

தாளை மடித்தேன்.

"சொட்டு மருந்து போடுற நேரம் வந்துருச்சு."

"இன்னும் அரை மணி இருக்கு. எதையோ கண்டுபிடிச்சிட்ட."

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா நீ தாளை மடிக்க மாட்டியே. சத்தம் கேட்டுச்சு."

"டாக்டர் நிமிர்ந்து உக்காரச் சொன்னதும் சொல்றேனே."

"ஏன், தரையைப் பாத்துக்கிட்டிருந்தா காது கேக்காதா?"

அவர் பிடரியில் கை வைத்தேன். வியர்த்திருந்தது. முந்தானையால் ஒற்றி எடுத்தேன். சொல்லாமல் பத்து நாளைக் கடத்திவிடலாம். ஆனால் அதற்குள் அட்டவணை அச்சாகிவிடும்.

"இருபத்தஞ்சு எழுத்துக்கு ஒரு தடவை அதை எழுதின ஆளுக்கு என்னமோ தீர்ந்து போகுதுங்க," என்றேன்.

அவர் விரல் மறுபடி கட்டில் சட்டத்தைத் தட்டியது.

"மை," என்றார். பிறகு, "நகல்ல தெரியாது. எல்லா எழுத்தும் ஒரே கறுப்பா வரணும்னு கேட்டு வாங்கினது யாரு?"

"நீங்கதான்."

"நீ தலையாட்டினியா இல்லையா?"

"நல்லாவே ஆட்டினேன்."

"அப்ப ரெண்டு பேரும் அசடுதான். காலையில போய் மூலத்தைப் பாத்துட்டு வா."

சில எழுத்துகள் வெளிறிப் போயிருந்ததால், வடிவம் தெளிவாகத் தெரிவதற்காக நகலில் எல்லாவற்றையும் சமமாகக் கறுப்பாக்கச் சொல்லியிருந்தோம். வடிவம் கிடைத்தது, மையின் ஏற்ற இறக்கம் போய்விட்டது.

மறுநாள் காலை காப்பகத்தில், பெட்டகத்துக்குப் பொறுப்பான அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நகல் இருக்கும்போது மூலம் எதுக்கு மேடம்? வெளிச்சம் பட்டா அதுக்கு ஆகாது."

"ரெண்டே பக்கம். பதினஞ்சு நிமிஷம்."

"பதினாலு. கையில என்ன, கிரீம் தடவியிருக்கீங்களா? போய்க் கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்து, லென்ஸைக் குனிந்து வைத்தேன். முதல் வரியிலேயே தெரிந்தது. அடர்ந்த பழுப்பில் தொடங்கிய எழுத்துகள் போகப் போக வெளிறி, வைக்கோல் நிறத்துக்கு வந்தன. அப்புறம் ஒரு கொக்கி. அதன் தலையில் ஒரு துளி மை தேங்கிக் காய்ந்திருந்தது. அதற்கு அடுத்த எழுத்து மறுபடி அடர்த்தி. நாற்பது வரிகளில் அறுபத்தொரு கொக்கிகள். அறுபத்தொன்றும் மை அடர்த்தியாகிற இடத்தில்தான்.

ஆனால் நான்கு இடங்களில் கொக்கி இல்லாமலே மை அடர்த்தியானது. நான்கும் வரியின் தொடக்கம். லென்ஸை ஓரத்துக்கு நகர்த்தினேன். வரிக்கு வெளியே, வெற்று ஓரத்தில், சின்னச் சின்னதாக நான்கு கொக்கிகள். நகல் எடுக்கும்போது ஓரத்தை வெட்டிவிட்டிருக்கிறார்கள். அந்த ஐம்பத்தொன்றும் அப்படி வந்ததுதான்: நடுவே ஒரு கொக்கி ஓரத்தோடு போயிருக்கிறது.

வராந்தாவில் நின்று போன் செய்தேன்.

"அந்த ஆளு அறுபத்தஞ்சு தடவை பேனாவை மையில தோய்ச்சிருக்கார்," என்றேன். "அறுபத்தஞ்சுக்கும் கொக்கி இருக்கு."

"ம்."

"நீங்க அன்னிக்கு அதைத் தனியாப் பிரிக்கலைன்னா இன்னிக்கு எடுக்கவே முடியாது. இன்னும் அறுபது எழுத்தை வெச்சுக்கிட்டுத்தான்..."

"ஆறுதல் சொல்லாத. அழுதா கண்ணுக்கு ஆகாது."

"அழுறீங்களா?"

"தரையில சொட்டினா சொல்றேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம். "பேனா இருக்கா? அட்டவணைக்குக் கீழே ஒரு குறிப்புப் போடணும். நான் சொல்றேன், எழுது. என் பேர்லயே வரட்டும். வெச்சவனே எடுக்கிறதுதான் முறை."

சுவரில் தாளை வைத்து, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எழுதினேன். இடையில் அவர் தடுமாறவில்லை.

கொக்கி ஓர் எழுத்து அல்ல. எழுதியவர் பேனாவை மையில் தோய்த்து எடுத்ததும், அடுத்த எழுத்தில் மை கொட்டிவிடாமல் இருக்க, கூடுதல் மையை வடித்துவிடப் போட்ட கோடு அது. சுமார் இருபத்தைந்து எழுத்துகளுக்கு ஒரு முறை, சொல்லின் நடுவிலானாலும் ஓரத்திலானாலும், மை தீர்ந்த இடத்தில் வரும். அதை நீக்கிப் படிக்க வேண்டும். நீக்கினால் அந்த எட்டு இடங்களிலும் இருப்பது ஒரே சொல். மொத்த எழுத்துகள் முப்பத்து மூன்று.