பதினோராவது புள்ளி

சூன்சோன் ஊருக்கு மேற்கே, மலைச்சரிவில் இருக்கிற கோல்ஃப் மைதானத்தில் மிரான் இருபத்து மூன்று வருஷமாகக் கேடியாக இருந்தாள். கேடி என்றால் நம் ஊரில் வேறு அர்த்தம். அங்கே அது ஆட்டக்காரர்களின் மட்டைப் பைகளை வண்டியில் ஏற்றி ஓட்டுவது, பந்து விழுந்த இடத்தைக் கண்டுபிடிப்பது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்வது, நடுவில் அவர்கள் உதிர்க்கிற மொக்கைப் பேச்சுக்குச் சிரித்து வைப்பது. ஒரு சுற்றுக்கு நாலரை மணி நேரம். கோடையில் இரண்டு சுற்று.

காலை ஆறு மணிக்கு உடை மாற்றும் அறையில் முப்பது பெண்கள் கண்ணாடி முன்னால் நின்று, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல முகத்துக்குச் சன்ஸ்கிரீன் பூசுவார்கள். அதற்கு மேல் கன்னத்தில் குளிர்ச்சியான ஒட்டுப்பட்டை, மூக்குவரை முகமூடி, கழுத்தை மறைக்கிற துணி வைத்த தொப்பி, கைக்கு உறை. வெளியே வந்தால் யார் யார் என்று பெயர்ப் பட்டையைப் பார்த்துத்தான் தெரியும்.

ஆனால் மிரான் சேர்ந்த காலத்தில் அப்படி இல்லை. அரைக்கை வெள்ளைச் சட்டையும் உள்ளங்கை அகலத்தில் ஒரு நெற்றி மறைப்பும்தான் சீருடை. முகத்தை மூடக் கூடாது. "வர்றவங்க புல்லைப் பார்க்கவா வர்றாங்க?" என்று அப்போதிருந்த மேலாளர் கேட்பார். அந்தச் சட்டம் எட்டு வருஷம் இருந்தது. எட்டுக் கோடையும் மிரானின் மூக்கில் இறங்கின.

நாற்பத்தாறு வயதில் அவள் முகத்தில் பழுப்புப் புள்ளிகள் எழும்பின. கூடத் தங்கியிருந்த இன்னொரு கேடி ஹேசூக் நாலு வயது இளையவள். தோல் சம்பந்தமாக ஊரில் எங்கே என்ன சலுகை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"அக்கா, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து கிளினிக்ல பத்துப் புள்ளி லேசர்ல எடுக்க ஒரே ரேட்டாம். இந்த மாசம் மட்டும்தான். வா, போயிட்டு வந்துடலாம்."

"எனக்குப் பதினொண்ணு இருக்கே."

"ஒண்ணு கொசுறு கேட்போம். டாக்டரும் மனுஷிதானே?"

விடுமுறை நாளில் இரண்டு பேரும் போனார்கள். உள்ளே நுழைந்ததுமே ஹேசூக் கொசுறைக் கேட்டுவிட்டாள். டாக்டர் முப்பத்தைந்து வயதுப் பெண். விளக்கு வைத்த உருப்பெருக்கியால் ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்து வெள்ளைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தாள். மூக்கின் இடது ஓரத்துக்கு வந்ததும் கை நின்றது. ரொம்ப நேரம் பார்த்தாள். பென்சிலை மூடி வைத்தாள்.

"இதை நான் தொட மாட்டேங்க."

"கொசுறுன்னு சொன்னது சும்மா டாக்டர். அதுக்குத் தனியா காசு தர்றேன்" என்றாள் மிரான்.

"காசுக்குச் சொல்லலைங்க. இது புள்ளியே இல்ல. ஓரம் முத்து மாதிரி மினுங்குது பாருங்க. ரத்தம் வருமா?"

"முகம் துடைக்கும்போது துண்டு பட்டா கொஞ்சம் வரும். அப்புறம் காஞ்சிடும்."

"எத்தனை நாளா?"

மிரான் யோசித்தாள். "போன வருஷ நெல் நடவு சமயத்துல இருந்து."

டாக்டர் மற்ற பத்துக்கும் அன்று லேசர் வைக்கவில்லை. குவாங்ஜூவில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். "பயப்படாதீங்க. ஆனா தள்ளியும் போடாதீங்க" என்றாள். திரும்பும் வழியில் ஹேசூக் அந்தக் கடிதத்தை வாங்கித் தன் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் மிரானுக்குப் பயம் வந்தது.

குவாங்ஜூவில் ஒரு துணுக்கு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. தோல் புற்றுநோய். மெதுவாக வளர்கிற வகை, மற்ற இடங்களுக்குப் பரவுவது அபூர்வம், ஆனால் விட்டு வைத்தால் மூக்கின் குருத்தெலும்பை அரித்துவிடும் என்று அங்கிருந்த வயதான டாக்டர் சொன்னார்.

"நான் பதினஞ்சு வருஷமா ஒரு நாள் விடாம க்ரீம் பூசுறேனே டாக்டர்?"

"அதனாலதான் ஒண்ணோட நின்னிருக்கு போல. தோல் எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கும்மா. இது இப்ப பட்ட வெயில் இல்ல. உங்க இருபது வயசு வெயில்."

மிரான் அழவில்லை. எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம் என்று மட்டும் கேட்டாள்.

அறுவை சிகிச்சை மூன்று தடவையாக நடந்தது. ஒரு அடுக்கு வெட்டுவார்கள், நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், இன்னும் இருக்கிறது என்று வந்து மறுபடி வெட்டுவார்கள். இடையில் கட்டுப் போட்டுக்கொண்டு வராந்தாவில் காத்திருக்க வேண்டும். மூன்றாவது தடவை முடிந்தபோது சோளமணி அளவுப் புள்ளிக்குக் கட்டைவிரல் நகம் அளவு பள்ளம். பக்கத்துக் கன்னத் தோலை இழுத்து அதை மூடித் தைத்தார்கள். தையல் பிரித்ததும் மிரான் கண்ணாடி கேட்டாள். ஒரு பக்க மூக்கு சற்று மேலே தூக்கியிருக்க, வளைந்த கோடு ஒன்று கன்னம் வரைக்கும் ஓடியது. பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

மைதானத்தில் இப்போது மேலாளர் தோ என்பவர். கெட்டவர் இல்லை, ஆனால் புகார் என்றால் நடுங்குவார்.

"கோடு மங்குற வரைக்கும் லீவு போட்டுக்குங்களேன், மிரான். ஆட்டக்காரங்க சாப்பிட்டுட்டு வருவாங்க, பார்த்தா ஒரு மாதிரி இருக்கும்."

"முகமூடி போட்டா மூக்கு இருக்கா இல்லையான்னே தெரியாது சார்" என்றாள் மிரான். ஆனாலும் ஒரு மாதம் வீட்டில் இருக்க வேண்டி வந்தது.

செப்டம்பரில் திரும்பினாள். முதல் நாளே பியோ குழு. பியோவுக்கு எழுபது வயது, யோசுவில் மீன்வலைத் தொழிற்சாலை வைத்திருப்பவர். தொப்பி போட மாட்டார். "வெயில் படாத ஆம்பளை தோஃபு மாதிரி, தொட்டா உடைஞ்சிடுவான்" என்பார். முகமும் கழுத்தும் காய்ந்த புகையிலை நிறம், அதில் அவருக்குப் பெருமை. தண்ணீர் குடிக்க மிரான் முகமூடியை இறக்கியபோது பார்த்துவிட்டார்.

"ஏம்மா, மூக்கைத் தூக்கி ஆபரேஷன் பண்ணிக்கிட்டியா? ஒரு பக்கம் மட்டும் தூக்கியிருக்கான். பாதிக் காசுதான் குடுத்தியா?"

கூட வந்த மூவரும் சிரித்தார்கள். மிரானும் வழக்கம்போலச் சிரித்து வைத்தாள். ஆட்டத்தின் பதினெட்டுக் குழிகளில் ஒன்பதாவதில் அவர் குனிந்து பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, துண்டு கொடுக்கப் பின்னால் நின்ற அவள் கண்ணில் அவருடைய காது பட்டது. வலது காதின் மேல் விளிம்பில் பொருக்குத் தட்டிய ஒரு புண். வசந்த காலத்திலேயே அதைப் பார்த்த ஞாபகம் இருந்தது. இப்போது அவரைக்காய் விதை அளவு. அவர் வியர்வையைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்த துண்டில் சிவப்பாக ஒரு கறை.

ஆட்டக்காரர்களின் உடம்பைப் பற்றி எதுவும் பேசக் கூடாது என்பது விதி. மிரான் இரண்டு குழி தாண்டும்வரை பேசவில்லை. பன்னிரண்டாவதில் பேசினாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. அந்தக் காதுப் புண் எத்தனை நாளா இருக்கு?"

"இதுவா? ஷேவ் பண்றப்ப ரேஸர் பட்டது."

"காது உச்சியில எதுக்கு சார் ரேஸர் போச்சு?"

நண்பர்கள் இந்த முறை அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். சூ என்கிற பல் டாக்டர்தான் ரொம்பச் சிரித்தார். பியோவின் முகம் இன்னும் கறுத்தது.

"சார், என் மூக்குல இருந்தது கேன்சர். அதைத்தான் வெட்டி எடுத்தாங்க. அதுவும் இப்படித்தான் ஆறாம ரத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. ஒரு தடவை காட்டிடுங்க."

"மட்டையைத் தூக்க வந்தவ மட்டையைத் தூக்கு. எனக்கு வியாதி வரணும்னு சாபம் விடுறியா?"

மீதி ஆறு குழியிலும் அவர் பந்தை அடித்த அடியில் ஒன்றுகூட நேராகப் போகவில்லை. ஆட்டம் முடிந்ததும் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டுப் போனார். விருந்தினரை அவமதித்தாள், கெட்ட வாக்குச் சொன்னாள் என்று.

தண்டனை ஐந்து நாள். மட்டை பட்டுப் புல் பெயர்ந்த பள்ளங்களில், ஆட்டம் இல்லாத நேரத்தில் மணல் நிரப்ப வேண்டும். கூலி கிடையாது. ஹேசூக் கொதித்தாள்.

"உனக்கு எதுக்குக்கா இந்த வேலை? அந்தக் கிழவன் காது அழுகி விழட்டுமே. உன்னை என்ன சொல்லிச் சிரிச்சான்!"

"சிரிச்சான்தான். அதுக்காக?"

"அதுக்காகவா! நல்ல ஆளுக்கா நீ. மணல் அள்ளு, போ."

மணல் வாளியோடு மூன்றாவது நாள் குனிந்து நின்றபோதுதான் மிரானுக்கு இன்னொன்று தோன்றியது. தன்னோடு அரைக்கைச் சட்டை போட்டவர்கள் இன்னும் ஏழு பேர் இங்கே வேலை செய்கிறார்கள். மறுநாள் காலை உடை மாற்றும் அறையில், க்ரீம் பூசுவதற்கு முன்னால், அந்த ஏழு பேரையும் ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினாள். காதுக்குப் பின்னால், பிடரி, மூக்கோரம், உதடு, கைமுதுகு என்று பார்த்தாள். "ஆடு வாங்க வந்தியாக்கா?" என்று ஒருத்தி கிண்டல் செய்தாள். இரண்டு பேரைப் பஸ் ஸ்டாண்ட் கிளினிக்குக்கு அனுப்பினாள். ஒருத்திக்கு வெறும் மரு. கிண்டல் செய்தவளுக்கு உதட்டில் சொரசொரப்பாக இருந்த திட்டு, விட்டால் புற்றாக மாறக்கூடியது என்று சொல்லிக் குளிரால் உறையவைத்து உரித்தார்கள். ஒரு வாரம் உதடு வீங்கி, ஸ்ட்ரா போட்டுக் கஞ்சி குடித்தாள்.

பியோ அக்டோபரில் வரவில்லை. நவம்பரில் அவருடைய நண்பர்கள் மட்டும் வந்தார்கள். பல் டாக்டர் சூ வண்டியில் மிரானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"அவன் ஆஸ்பத்திரிக்குப் போனதே உன் மேல ரெண்டாவது புகார் குடுக்கத்தான். ஒண்ணுமில்லைன்னு எழுதி வாங்கிட்டு வந்து உன் மேலாளர் மேஜையில போடுறேன்னான். போன இடத்துல படுக்க வெச்சுட்டாங்க. காதுல மூணுல ஒரு பங்கு போச்சு. உன்னோடதை விட மோசமான வகையாம், கழுத்துல இருக்கிற நெறிக்கட்டியையும் ஊசியால குத்திப் பார்த்தாங்க. நல்லவேளை, அங்க பரவலை."

மிரான் வண்டியை நிறுத்தி மட்டையை எடுத்துக் கொடுத்தாள். "காத்து இடப்பக்கம் அடிக்குது சார்" என்றாள். அன்று மத்தியானம் தோவிடம் போய்ப் பதிவேட்டில் இருக்கிற தண்டனையை எடுக்கச் சொல்லிக் கேட்டாள். "புகார் குடுத்தவர் வாபஸ் வாங்கலையே" என்றார் அவர். ஹேசூக் கேட்டுவிட்டு இரண்டு நாள் தோவுக்கு வணக்கம் வைக்கவில்லை.

ஏப்ரலில் பியோ திரும்பி வந்தார். வைக்கோல் தொப்பி, முழுக்கைச் சட்டை. வரவேற்பில் பெயர் எழுதும்போது, மிரான் தவிர யார் வேண்டுமானாலும் வரட்டும் என்றார். அவருக்கு ஹேசூக் போனாள். பாதி வழியில் இருக்கும் சிற்றுண்டிக் கொட்டகையில் இரண்டு குழுவும் ஒன்றாக வந்து சேர்ந்தன. மிரான் முகமூடியை இறக்கிப் பார்லித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பியோ கையில் பஜ்ஜித் தட்டோடு பக்கத்தில் வந்து அவள் மூக்கை உற்றுப் பார்த்தார். பிறகு தொப்பியைத் தூக்கிக் காதைக் காட்டினார்.

"உன்னுதை நல்லாத் தச்சிருக்கான். என்னுதைப் பாரு, எலி கடிச்ச மாதிரி விட்டுட்டான்."

"ஆறிடுச்சா சார்?"

"ஆறிடுச்சு, ஆறிடுச்சு." தொப்பியைப் போட்டுக்கொண்டார். "ஆனா நீ என் கூட வராதே. நீ பின்னாடி நின்னா, அடுத்து எங்க கண்ணை வைப்பியோன்னு எனக்குப் பந்தே தெரியாது."

மிரானுக்குச் சிரிப்பு வந்தது. இது அவள் வேலைக்காகச் சிரித்து வைக்கிற சிரிப்பு இல்லை. பியோ தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்து அவளிடம் நீட்டினார். சூடாக இருந்தது, அவள் ஊதி ஊதித் தின்றாள். அவளுடைய குழு வண்டியில் ஏறிக்கொண்டு கூப்பிட்டது.

புகாரை அவர் கடைசிவரை வாபஸ் வாங்கவில்லை.